மாத்திரைக்குப் பதிலாக மஞ்சள் உடுத்தலாமா?

கடிதத்தின் சுருக்கம்

எழுதியவருக்கு 49 வயது. பெயரும் வேலையும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். படுத்த படுக்கையாக இருந்த அம்மாவை ஐந்து வருடம் பார்த்துக்கொண்டவர். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்த ஐந்து வருடத்தில் கறை தெரியாத, இஸ்திரி கேட்காத உடைகளாகவே வாங்கி வாங்கி, இன்று அலமாரியைத் திறந்தால் கறுப்பு, சாம்பல், அடர்நீலம் தவிர வேறொன்றும் கண்ணில் படுவதில்லை. ஆறேழு மாதமாக விடியற்காலை மூன்றரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. எதிலும் பிடிப்பில்லை, தோழிகளின் போனைக்கூட எடுப்பதில்லை. ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. டாக்டரிடம் போனதற்கு, ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு மனச்சோர்வுக்கான மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். வாங்கிய அட்டை இன்னும் பிரிக்கப்படவில்லை.

இதற்கிடையில் சில வீடியோக்கள். மஞ்சள் செரட்டோனினைச் சுரக்க வைக்கும், ஆரஞ்சு டோபமைனைக் கூட்டும் (இரண்டும் மூளையில் செய்தி கடத்தும் ரசாயனங்கள்), கறுப்பு மனதை அமுக்கும் என்று அவற்றில் சொன்னார்கள். ஒரே இரவில் ஒன்பது உடைகளுக்கு ஆர்டர் போட்டுவிட்டார். ஆர்டர் போடும்போது இருந்த உற்சாகம் பார்சல் வந்தபோது இல்லையாம். கடுகு மஞ்சள் மேலாடை ஒன்றை மட்டும் ஆபீசுக்குப் போட்டுப் போனார். ஒருவர், “என்ன விசேஷம்?” என்று கேட்டார். கிளம்பும்போதே கணவர், “சின்னப் பொண்ணுன்னு நெனப்பா?” என்று கிண்டலடித்திருந்தார். பாத்ரூமுக்குப் போய்ப் பையிலிருந்த சாம்பல் நிற ஷாலை எடுத்துப் போர்த்திக்கொண்டவர், சாயங்காலம் வரை அதைக் கழற்றவே இல்லை. மற்ற எட்டும் விலைச்சீட்டோடு அப்படியே இருக்கின்றன.

அவர் கேட்பது மூன்று. நிறம் உண்மையிலேயே மனதை மாற்றுமா? கறுப்பையெல்லாம் யாருக்காவது கொடுத்துவிடலாமா? மூன்று மாதம் நிறத்தை முயன்று பார்த்துவிட்டு, சரிவராவிட்டால் மாத்திரைக்குப் போகலாமா?

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றாம் பக்கத்தின் அடியில், போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “கறுப்புதான் வசதி டாக்டர். எப்ப வரும், எவ்வளவு போகும்னே தெரியல. வேற கலர் போட பயமா இருக்கு.” அடுத்த வரியிலேயே மறுபடி நிறங்களுக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியில்தான் நின்றுவிட்டேன், அதனால் பதிலையும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கறுப்பு சொல்லும் சேதி

மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில வருடங்களில் ரத்தப்போக்கு தாறுமாறாவது சகஜம். “இந்த வயசில் இப்படித்தான்” என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் சகஜம் என்பதால் கவனிக்கத் தேவையில்லை என்று ஆகிவிடாது. ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா? ஏழு நாளைத் தாண்டிப் போகிறதா? இரண்டரை சென்டிமீட்டரை விடப் பெரிய ரத்தக்கட்டிகள் போகின்றனவா? இவற்றில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மகப்பேறு மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். கருப்பையில் நார்க்கட்டி போன்ற காரணங்கள் இருக்கலாம், பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

மாதாமாதம் இப்படிப் போனால் உடம்பிலுள்ள இரும்புச்சத்து மெல்ல மெல்லத் தீரும். தீர்ந்தால் என்ன ஆகும்? களைப்பு, மூச்சு வாங்குதல், எரிச்சல், எதிலும் மனம் ஒட்டாமை. உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலில் பாதி இதுவே. பெண்களுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்பில் இரும்பு வற்றியிருக்கலாம். அது ஃபெரிட்டின் பார்த்தால்தான் தெரியும், அதனால் அதையும் கேட்டு எடுங்கள். கூடவே தைராய்டுக்கான டி.எஸ்.எச்., வைட்டமின் பி12. தைராய்டு குறைந்தாலும் ஆள் மனச்சோர்வு வந்தவர் மாதிரியே இருப்பார்.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கும் இந்தக் கட்டத்தில் தூக்கமும் மனநிலையும் தடுமாறுவதும் உண்மைதான். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. முன்பே மனச்சோர்வு வந்தவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். நடுராத்திரியில் விழிக்கும்போது உடம்பு சுடுகிறதா, வியர்த்திருக்கிறதா என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள். வியர்வையால் கலையும் தூக்கத்துக்கு வைத்தியம் ஒரு வகை, மனச்சோர்வால் கலையும் தூக்கத்துக்கு வேறு வகை.

மாத்திரையைப் பற்றி

ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தார் என்பது உங்கள் வருத்தம். நியாயமான வருத்தம்தான். எதற்காக இந்த மருந்து, எத்தனை நாள் சாப்பிட வேண்டும், பக்கவிளைவு என்ன, வேறு வழி உண்டா என்றெல்லாம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. வேறொரு டாக்டரிடம் இரண்டாவது அபிப்பிராயம் கேட்டாலும் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. ஆனால் யாரிடமும் கேட்காமல் அட்டையை டிராயரில் போட்டுவைத்திருக்கிறீர்களே, அதை ஒரு முடிவு என்று சொல்ல மாட்டேன். தள்ளிப்போடுதல் என்றுதான் சொல்வேன்.

இந்த மாத்திரைகள் தலைவலி மாத்திரை மாதிரி வேண்டும்போது போட்டுக்கொள்பவை அல்ல. தினமும் சாப்பிட்டால் பலன் தெரியவே இரண்டு வாரமாகும், முழுப் பலனுக்கு நாலு முதல் ஆறு வாரம். நிறுத்துவதையும் டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் செய்ய வேண்டும். லேசான மனச்சோர்வுக்குப் பல சமயம் மாத்திரையே வேண்டியிருக்காது, பேச்சு வழிச் சிகிச்சையே போதும். உங்களுடையது எந்த அளவு என்பதை நேரில் பார்க்கிறவர்தான் சொல்ல முடியும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே மதிப்பிட வேண்டும் என்பது நடைமுறை. உங்களுக்கு ஆறேழு மாதமாகிவிட்டது.

மாத்திரையைத் தொடங்கும் முன் டாக்டரிடம் இரண்டு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். ஒன்று, ரத்தப்போக்கு. சில வகை மாத்திரைகள் அதைச் சற்றே கூட்டலாம். இரண்டு, எப்போதாவது தூக்கமே இல்லாமல் களைப்பும் தெரியாமல், பேச்சும் செலவும் கட்டுக்கடங்காமல் சில நாட்கள் இருந்ததுண்டா என்பது. ஒரே இரவில் ஒன்பது உடை வாங்கியதை மட்டும் வைத்து நான் அப்படி எதையும் சந்தேகிக்கவில்லை. தூக்கம் வராத இரவில் போனைக் கையில் எடுத்தால் யாருக்கும் நடப்பதுதான். ஆனால் அப்படி நாட்கள் இருந்திருந்தால், மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுப்பது நிலைமையை மறுபக்கம் தள்ளிவிடக்கூடும். வந்தவர் எப்படி உடுத்தியிருக்கிறார் என்று குறித்துக்கொள்வது மனநலப் பரிசோதனையில் ஒரு பகுதியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். திடீரென்று இயல்புக்கு மீறிப் பளபளவென்று உடுத்தினாலும் நாங்கள் கவனிப்போம்.

இன்னொன்று. வாழ்ந்து என்ன பயன் என்றோ, இல்லாமல் போய்விட்டால் நல்லது என்றோ நினைப்பு வந்தால் மேலே சொன்ன எதற்கும் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே அருகில் உள்ளவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சரி, நிறம் வேலை செய்யுமா?

வீடியோவில் சொன்ன வழியில் செய்யாது. உடையின் நிறம் செரட்டோனினைச் சுரக்க வைக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. குளிர்காலத்தில் மட்டும் வருகிற ஒருவகை மனச்சோர்வுக்கு, 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுள்ள விளக்கின் முன் காலையில் அரை மணி நேரம் உட்கார வைப்பது ஏற்கப்பட்ட சிகிச்சை. அங்கே வேலை செய்வது வெளிச்சம். சாயம் போட்ட துணிக்கு அந்தச் சக்தி கிடையாது. காலை வெயிலில் நடந்தால் சாம்பல் நிறச் சட்டை போட்டிருந்தாலும் அந்த வெளிச்சம் உங்களுக்குக் கிடைக்கும்.

டோபமைன் கதையும் அப்படித்தான். டோபமைனுக்கு வேலை அதிகம் இருப்பது ஒன்றுக்காக ஆசைப்படும்போது, தேடும்போது, வரப்போகிறது என்று காத்திருக்கும்போது. ஆர்டர் போட்ட இரவில் இருந்த உற்சாகம் பார்சலைப் பிரித்தபோது ஏன் இல்லை என்று கேட்டிருந்தீர்களே, இதுதான் பதில். உடைகளில் குறை ஒன்றுமில்லை.

நிறத்தையும் உணர்ச்சியையும் மனிதர்கள் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள், அதில் சந்தேகம் இல்லை. 30 நாடுகளில் 4,598 பேரிடம் கேட்டு 2020இல் வெளியான ஆய்வில், மஞ்சளை மகிழ்ச்சியோடும் கறுப்பைச் சோகத்தோடும் இணைப்பது பரவலாகத் தென்பட்டது. ஆனால் அதே ஆய்வாளர்களில் சிலர் அதற்கு முந்தைய வருடம் 55 நாடுகளில் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: பூமத்திய ரேகையிலிருந்து தள்ளி, மழை அதிகமாகப் பெய்யும் இடங்களில் இருப்பவர்களுக்குத்தான் மஞ்சள் கூடுதல் மகிழ்ச்சி. வெயில் காய்கிற இடத்தில் அந்தப் பிணைப்பு தளர்வு. மஞ்சளுக்குள்ளேயே ஒரு ரசாயனம் இருந்தால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அல்லவா இருக்க வேண்டும்? தவிர, நிறத்தின் பெயரைக் கேட்டதும் என்ன தோன்றுகிறது என்பது வேறு, அதை உடுத்தியதும் மனம் மாறுகிறதா என்பது வேறு.

இந்தத் துறையில் ஆரவாரமாகக் கிளம்பி அடங்கிப்போன கதைகள் உண்டு. 1979இல் அமெரிக்கக் கடற்படைச் சிறையொன்றில் அறைக்கு ஒருவித இளஞ்சிவப்பு அடித்தால் கைதிகளின் மூர்க்கம் தணிகிறது என்றார்கள். பல இடங்களில் அதே பெயின்ட்டை அடித்தார்கள். 2015இல் சுவிஸ் சிறையொன்றில் ஒழுங்காக ஒப்பிட்டு வெளியிட்டபோது வெள்ளை அறைக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை.

உடை விஷயம் இன்னும் கொஞ்சம் சுவாரசியம். 2012இல் ஹாயோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி என்ற இருவர் ஒரே வெள்ளைக் கோட்டைச் சிலரிடம் டாக்டர் கோட் என்றும், சிலரிடம் ஓவியர் கோட் என்றும் சொல்லிப் போடவைத்தார்கள். டாக்டர் கோட் என்று நம்பியவர்களுக்குக் கவனம் கூடியது. அந்தக் கட்டுரையின் முதல் சோதனையை வேறொரு குழு திரும்பச் செய்து 2019இல் வெளியிட்டது. அதே முடிவு வரவில்லை. 2023இல் இவ்வகை ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தவர்கள் (மூல ஆய்வாளர்கள் இருவரும் அதில் உண்டு) பொதுவாக விளைவு இருக்கத்தான் செய்கிறது என்கிறார்கள். என் அபிப்பிராயம்: கொஞ்சம் இருக்கிறது. அந்தக் கொஞ்சமும் துணியின் நிறத்திலிருந்து வருவதில்லை, அந்த உடைக்கு நீங்கள் தரும் அர்த்தத்திலிருந்து வருகிறது.

மனச்சோர்வுச் சிகிச்சையில் நாங்கள் நம்பிக்கையோடு பயன்படுத்தும் ஒரு முறை இதற்கு நெருக்கமானது. மனசு சரியானதும் செய்யலாம் என்று காத்திருக்காமல், முன்பு பிடித்த சின்னச் சின்னக் காரியங்களை முதலில் செய்ய வைப்போம், மனசு பின்னாலேயே வரும். 1970களிலிருந்து வளர்ந்த முறை இது, மற்ற பேச்சு வழிச் சிகிச்சைகளுக்கு இணையான பலன் தருகிறது. காலையில் அலமாரி முன் நின்று, கைக்கு வந்ததை எடுக்காமல், இன்றைக்கு இது என்று தேர்ந்தெடுப்பது அப்படிப்பட்ட ஒரு காரியம்தான். ஆகவே உங்கள் யோசனை அசட்டுத்தனம் இல்லை. அதை ஒரு முழு வைத்தியமாக நினைத்ததுதான் பிசகு.

நிறங்களே மங்கலாகத் தெரிகின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். கற்பனை என்று ஒதுக்க மாட்டேன். ஜெர்மனியில் ஃப்ரைபர்க் ஆய்வாளர்கள் 2010இல், மனச்சோர்வு உள்ளவர்களின் விழித்திரை கறுப்பு வெள்ளைக் கட்டங்களின் வேறுபாட்டுக்குக் குறைவாகவே எதிர்வினை காட்டுகிறது என்று அளந்து சொன்னார்கள். எதற்கும் ஒருமுறை கண் டாக்டரையும் பாருங்கள்; உங்கள் வயதில் அது எப்படியும் தேவைதான்.

எந்த நிறம், எப்படி

கடுகு மஞ்சளை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, வீடியோ தேர்ந்தெடுத்தது. பழைய போட்டோக்களில் நான் எப்போதும் மயில்கழுத்து நிறத்தில்தான் இருப்பேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வாங்கிய ஒன்பதில் அது ஒன்றுகூட இல்லை! நீலம் பிடித்தவருக்கு மஞ்சளைக் கட்டாயமாக்கும் விதி எதுவும் இல்லை.

கழுத்துக்குக் கீழே இருக்கும் துணி, தன் மேல் விழும் வெளிச்சத்தை முகவாயின் மேல் திருப்பி அடிக்கும். ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, முதலில் கறுப்பையும் பிறகு வேறு நிறத்தையும் கழுத்தருகே பிடித்துப் பாருங்கள். கண்ணுக்குக் கீழேயும் தாடைக்குக் கீழேயும் உள்ள நிழல் ஒன்றில் ஆழமாகும், இன்னொன்றில் லேசாகும். முடி நரைக்க ஆரம்பித்த பிறகு இந்த வித்தியாசம் கூடுதலாகவே தெரியும். கடுகு மஞ்சள் சிலர் முகத்தைச் சோகை பிடித்தது மாதிரி காட்டும். உங்களுக்கும் அப்படித்தானா என்று பார்த்துவிடுங்கள். கடையின் விளக்கில் பார்த்த நிறம் வெயிலில் வேறாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

கறுப்பை வீசிவிட வேண்டாம். ரத்தப்போக்கு ஒரு நிலைக்கு வரும்வரை இடுப்புக்குக் கீழே கறுப்பும் அடர்நீலமும் இருக்கட்டும். அந்தப் பயத்தோடு வெளிர் நிறம் போட்டால் நாள் முழுக்கப் பின்பக்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதிலேயே போய்விடும், உற்சாகம் எங்கிருந்து வரும்? நிறம் மேலே வரட்டும். திடீர் வியர்வை வருகிறவர் என்றால் இள நீலமும் சாம்பலும் ஈரத்தை அப்பட்டமாகக் காட்டும். பூவோ கோடோ போட்ட பருத்தித் துணி காட்டாது. ஆக, பாதுகாப்பு என்று நீங்கள் நினைத்துப் போர்த்திய அந்தச் சாம்பல் ஷாலும் அவ்வளவு பாதுகாப்பு இல்லை.

முதலில் ஒரே ஒரு உடை போதும். அதை வீட்டில் ஒரு நாள் போட்டுப் பழகிவிட்டு ஆபீசுக்குப் போடுங்கள். ஒரு மாதத்தில் மூன்று நான்கு முறை அதையே போடுங்கள். முதல் தடவை “என்ன விசேஷம்?” என்று கேட்டவர் மூன்றாம் தடவை கேட்க மாட்டார். பலன் இருக்கிறதா என்று பார்க்க ஆசையாக இருந்தால், காலையும் மாலையும் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். அந்தத் தாள் டாக்டருக்கும் உபயோகப்படும்.

மற்றவர்கள் வாய்

ஆபீசில் கேட்டவரிடம், “விசேஷம் ஒண்ணுமில்ல, போடணும்னு தோணுச்சு” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஆபீசில் உடைக்கென்று எழுதிவைத்த விதி எதுவும் இல்லாதவரை யாரிடமும் நீங்கள் அனுமதி வாங்கத் தேவையில்லை. வயசுக்கேற்ற நிறம் என்பதற்கு மருத்துவத்திலும் இடமில்லை.

கணவர் விஷயம் வேறு. ஆறேழு மாதமாக மூன்றரைக்கு விழித்துக் கிடக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரியுமா? தெரியும் என்று கடிதத்தில் எங்கும் இல்லை. கிண்டலுக்குப் பதில் சொல்வதை விட்டுவிட்டு, ஓய்வான ஒரு நேரத்தில், “எனக்கு ஒடம்பு சரியில்ல, தூக்கம் இல்ல, டாக்டர்கிட்ட கூட வாங்க” என்று சொல்லிப் பாருங்கள். தெரிந்த பிறகும் கிண்டல் தொடர்ந்தால் அதைப் பற்றி இன்னொரு கடிதம் எழுதுங்கள், விரிவாகப் பேசலாம்.

அம்மாவைப் பற்றி நான்கு பக்கத்தில் நான்கு வரிதான். ஐந்து வருடம் ஒருவரைப் பார்த்துக்கொண்டு, அவர் போன மறுமாதமே ஆபீசுக்கு ஓடியவருக்கு, துக்கம் தாமதமாக வந்து உட்காருவது உண்டு. ஆலோசகரிடம் போகும்போது உடைகளைப் பற்றிப் பேசுவதற்கு முன் அம்மாவைப் பற்றிப் பேசுங்கள்.

மூன்று மாதக் கெடுவைப் பற்றிக் கேட்டீர்கள். ரத்தப் பரிசோதனைக்கும் மகப்பேறு மருத்துவருக்கும் இந்த வாரமே போங்கள், முடிவுகள் கையில் கிடைத்ததும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். நிறத்தை இன்றைக்கே தொடங்கலாம், இவற்றில் எதற்கும் அது குறுக்கே வராது. விலைச்சீட்டோடு இருக்கும் எட்டில் கழுத்தருகே பிடித்துப் பார்த்துப் பிடிக்காதவற்றை, திருப்பி எடுத்துக்கொள்ளும் தேதி தாண்டுவதற்குள் திருப்பி அனுப்பிவிடுங்கள்.